பள்ளி காத்தவர் குடியரசுத் தலைவரானார்: டாக்டர் ஜாகிர் உசேனின் கல்விப் பணி

புதுடெல்லி: தலைநகரின் ஓக்லா பகுதியில் உள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியா வளாகத்தில் நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேனின் நினைவிடம் அமைந்துள்ளது. ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர், குடியரசுத் தலைவர் எனப் பல உயர் பதவிகளை வகித்த அவரை இந்தக் கல்விக்கூடத்தின் மண்ணிலேயே அடக்கம் செய்தனர். நிதியும் அரசு அங்கீகாரமும் இல்லாத இந்த நிறுவனம் மூடப்படாமல் காக்க, அவர் தமது வாழ்வின் 22 ஆண்டுகளை அளித்தார்.

1897 பிப்ரவரி 8-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, அலிகார் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கிய மகாத்மா காந்தி, ஆங்கில அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தார். அதை ஏற்று வெளியேறிய ஆசிரியர்களும் மாணவர்களும் இணைந்து, அவ்வாண்டு அக்டோபர் 29-ம் தேதி அலிகாரில் ஜாமியாவைத் தொடங்கினர். அப்போது 23 வயது இளைஞரான ஜாகிர் உசேனும் அவர்களில் ஒருவர்.

உயர்கல்விக்காக 1922-ல் ஜெர்மனி சென்ற அவர், பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கைத்தொழில் வழியே குழந்தைக்குக் கல்வி புகட்டும் ஜெர்மானியச் சிந்தனையும் அங்கேதான் அவருக்கு அறிமுகமானது. இதற்கிடையே கிலாபத் இயக்கம் தளர்ந்ததால், அதன் ஆதரவில் இயங்கிய ஜாமியாவுக்கு வருமானம் நின்றது. 1925-ல் நிறுவனம் டெல்லி கரோல் பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெர்லினில் இருந்த ஜாகிர் உசேனும் அவருடைய நண்பர்கள் ஆபித் உசேன், முகமது முஜீப் ஆகியோரும், தாங்கள் திரும்பிவந்து பணியாற்றுவதாக உறுதியளித்தனர். 1926-ல் நாடு திரும்பிய ஜாகிர் உசேன், 29-வது வயதில் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்.

பல்கலைக்கழகம் என்ற பெயர் இருந்தாலும், அன்றைய ஜாமியா பெருமளவு ஒரு பள்ளிக்கூடமாகவே இயங்கியது. நிறுவனத்தைத் தாங்கிவந்த ஹக்கீம் அஜ்மல் கான் 1927-ம் ஆண்டின் இறுதியில் காலமானதும் நிலைமை மேலும் மோசமானது. 1928-ல் ஜாகிர் உசேனும் சக ஆசிரியர்களும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதிமொழி ஏற்றனர். பெருந்தொகை கொடுப்போரை நம்பியிராமல், சிறு தொகைகளைத் தவறாமல் வழங்கும் ஆதரவாளர்களை ஊர் ஊராகத் திரட்டினர்.

தொடக்கப் பள்ளி மாணவர்கள் தாங்களே கடையும் வங்கியும் நடத்திப் பழகினர். பெர்லினில் அறிமுகமான யூதப் பெண் கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் டெல்லிக்கு வந்து, 1943-ல் தாம் இறக்கும்வரை ஜாமியாவின் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். 1935 மார்ச் 1-ம் தேதி ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் பெருமை, தலைவர்கள் எவருக்கும் அளிக்கப்படாமல், பள்ளியின் மிக இளைய மாணவருக்கு வழங்கப்பட்டது.

அவரது வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்வு ஒன்று உண்டு. பள்ளி விழாவில் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சிறு மகளின் உடல்நிலை மோசமாகிவிட்டதாகவும், சற்று நேரத்தில் அவள் இறந்துவிட்டதாகவும் ஊழியர் வந்து காதில் கூறினார். குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கலைக்க மனமின்றி, அவர் இனிப்பு வழங்குவதை முடித்த பிறகே வீட்டுக்குச் சென்றார். சிறுவர்களுக்காகத் தாம் எழுதிய கதைகளைப் பின்னர் அந்த மகளின் பெயரிலேயே வெளியிட்டார்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, புதிய பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு ஜாகிர் உசேனைத் தலைவராக நியமித்தது. ஏழு ஆண்டுகள் இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிக் கற்பித்தல், கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடமுறை ஆகியவை அத்திட்டத்தின் அடிப்படை. தமிழகத்தில் ஆதாரக் கல்வி என்று அறியப்பட்டது இதுவே. இம்முறையில் கற்பிக்கத் தகுதியான ஆசிரியர்களை உருவாக்க, 1938-ல் ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது.

1946 நவம்பரில் நடைபெற்ற ஜாமியாவின் வெள்ளி விழாவில் நேரு, ஜின்னா, ராஜாஜி உள்ளிட்டோர் ஒரே மேடையில் அமர்ந்தனர். நாடெங்கும் வகுப்புக் கலவரம் பரவியிருந்த அந்த நேரத்தில், வெறுப்பின் தீயை அணைக்குமாறு தலைவர்களிடம் ஜாகிர் உசேன் நேரடியாக வேண்டினார். அத்தகைய சூழலில் கல்விப் பணி நிலைக்காது என்பது அவரது கவலை. அடுத்த ஆண்டு பிரிவினைக் கலவரத்தில் கரோல் பாக்கில் இருந்த ஜாமியாவின் உடைமைகள் அழிக்கப்பட்டன. அவரே ஜலந்தர் ரயில் நிலையத்தில் மயிரிழையில் உயிர் தப்பினார்.

நெருக்கடியில் இருந்த அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1948-ல் பொறுப்பேற்று, 1956 வரை பணியாற்றினார். அடுத்த ஆண்டு பிகார் ஆளுநராகவும், 1962-ல் குடியரசுத் துணைத் தலைவராகவும் ஆனார். 1963-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1967 மே 13-ம் தேதி குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற அவர், 1969 மே 3-ம் தேதி பதவியில் இருக்கும்போதே காலமானார்.

ஜாமியா 1988-ல் மத்தியப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் ஆய்வு மையம் இன்று ஜாகிர் உசேனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் காத்த பள்ளிக்கூடம் இன்றும் ஓக்லா வளாகத்தில் இயங்கி வருகிறது.