கார்லோ அபார்த்

கார்லோ அபார்த் (நவம்பர் 15, 1908 - அக்டோபர் 24, 1979) வியன்னாவில் பிறந்து இத்தாலியில் புகழ்பெற்ற தானுந்துப் பொறியாளர் ஆவார். இயற்பெயர் கார்ல். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக விளங்கிய இவர், 1949இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். இவரது பிறப்பு ராசியான விருச்சிகத்தைக் குறிக்கும் தேளே அதன் சின்னம்.

நிறுவனத்துக்கு வருவாய் ஈட்டித் தந்தவை இவரது சைலன்சர்கள். ஆயினும் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கூடும் திறன் சொற்பமே. ஒலி பெருகுவதைத் திறன் பெருகுவதாகக் கருதுவோர் இன்றும் உளர். பெரும் பயன் வேண்டின் பொறியின் உள்ளுறுப்புகளையே மாற்ற வேண்டும் என்பதற்கு இவரது அபார்த் 750 நல்ல சான்று. 1955இல் வெளிவந்த ஃபியட் 600இன் 633 கன செ.மீ. பொறி சுமார் 21 குதிரைத்திறனே தந்தது. அபார்த் அதன் உருளைகளைச் சற்று அகலப்படுத்தி, வணரித்தண்டை மாற்றி, பிஸ்டனின் வீச்சை 56 மி.மீ.யிலிருந்து 64 மி.மீ. ஆக்கினார். கொள்ளளவு 747 கன செ.மீ. ஆயிற்று. அமுக்க விகிதத்தை உயர்த்தி, பெரிய கார்புரேட்டரும் பொருத்தியதால் திறன் ஏறத்தாழ இரு மடங்காகி 40 குதிரைத்திறனைத் தாண்டியது. கொள்ளளவு கூடியதோ 18 விழுக்காடு மட்டுமே. பின்னர் ஃபியட் 500ஐ அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய அபார்த் 595இல் (1963) திறன் 18இலிருந்து 27 ஆகவே உயர்ந்தது.

எடையைக் குறைப்பதும் திறனைக் கூட்டுவதற்கு ஒப்பாகும். 1965இல் மோன்சாவில் தாமே சாதனை ஓட்டத்தில் இறங்கிய அபார்த், குறுகிய இருக்கையில் அமர்வதற்காகத் தம் உடல் எடையில் சுமார் 30 கிலோ குறைத்தார். 1971இல் நிறுவனத்தை ஃபியட்டுக்கு விற்றார்.