ஊருக்கு அப்பால் நோக்கியவர்

பெங்களூரு கப்பன் பூங்காவில் செந்நிறக் கட்டடம் ஒன்றில் மாநில மைய நூலகம் இயங்குகிறது. அக்கட்டடத்தின் பெயர் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். அதன் முன்னே அவருடைய சிலை நிற்கிறது. நகரின் ஒரு பகுதி சேஷாத்ரிபுரம் என்றே வழங்குகிறது. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காக மைசூர் நாட்டிற்கு வந்த ஒருவரின் பெயர் இந்நகரில் நிலைத்தது எவ்வாறு?

இளமையும் கல்வியும்

சேஷாத்ரி ஐயர் 1845 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கோழிக்கோட்டில் பள்ளிக் கல்வி கற்ற அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். 1868 இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார்.

1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். வானத்தை மட்டும் நம்பி வாழும் நாடு எத்தகைய துன்பத்திற்கு ஆளாகும் என்பதை அப்பஞ்சம் காட்டிச் சென்றது. ஐம்பதாண்டு நேரடி ஆட்சிக்குப் பின் 1881 இல் ஆங்கிலேயர் அரசுரிமையை உடையார் மரபினரிடம் திருப்பி அளித்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேஷாத்ரி ஐயர் திவான் ஆனார். 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார்.

குழாய்வழி வந்த நீர்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர். அதன் நடுவே பேராறு எதுவும் ஓடவில்லை. தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் முதலிய ஏரிகளும் கிணறுகளுமே மக்களுக்கு நீர் அளித்தன. மழை பொய்த்தால் ஏரிகள் வறண்டன. எஞ்சிய நீரும் மாசடைந்து நோயைப் பரப்பியது.

ஊருக்குள் மேலும் கிணறுகள் வெட்டுவது இதற்குத் தீர்வாகாது எனச் சேஷாத்ரி ஐயர் உணர்ந்தார். நகருக்கு வடமேற்கே 18 கிலோமீட்டர் தொலைவில் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஹெசரகட்டாவில் 1894 இல் நீர்த்தேக்கம் அமைக்கப்பெற்றது. நீராவிப் பொறிகள் நீரை மேட்டுக்கு ஏற்றின. 1896 இல் தூய்மை செய்யப்பெற்ற நீர் குழாய்களின் வழியே நகரை அடைந்தது.

கொள்ளைநோயும் புதிய குடியிருப்புகளும்

1898 ஆகஸ்டில் பெங்களூருவில் பிளேக் நோய் தோன்றியது. பேட்டைப் பகுதியின் குறுகிய தெருக்களும் காற்றோட்டமற்ற வீடுகளும் எலிகளுக்குப் புகலிடமாயின. பலர் மாண்டனர், பலர் ஊரைவிட்டு ஓடினர். 1891 இல் ஏறத்தாழ 1,80,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1901 இல் 1,59,000 ஆகக் குறைந்தது.

திவானின் ஆட்சியில் வி. பி. மாதவராவ் பிளேக் தடுப்பு ஆணையராகப் பணியாற்றினார். நெரிசலைக் குறைப்பதற்காகப் பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய புதிய குடியிருப்புகள் விரைந்து வளர்க்கப்பெற்றன. அங்கு நேரான அகன்ற தெருக்கள் அமைந்தன. வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கெனத் தனிச் சந்துகள் விடப்பட்டன. முதலில் தெருவை வகுத்து, அதன்பின் வீடு கட்டும் முறை அங்கே பின்பற்றப்பட்டது. 1900 இல் விக்டோரியா மருத்துவமனையும் திறக்கப்பெற்றது.

காவிரி தந்த மின்சாரம்

சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக வீழ்கிறது. அவ்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தைச் சேஷாத்ரி ஐயர் மேற்கொண்டார். அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் கொண்டு செல்வது அந்நாளில் உலகிலேயே அரிதான முயற்சி. எனினும் அவர் துணிந்தார். 1902 ஜூனில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் தமிழர் பலர். 1905 இல் பெங்களூருவின் தெருக்களிலும் மின்விளக்குகள் எரிந்தன. அவ்வொளியைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிருடன் இல்லை. உடல் நலிவால் பதவி விலகிய அவர், 1901 செப்டம்பர் 13 அன்று காலமானார்.

குறைகளும் நிறைகளும்

அவர் ஆட்சியில் உயர்பதவிகள் பலவற்றில் சென்னை மாகாணத்தவர் அமர்ந்திருந்தனர். தம் நாட்டில் தமக்கு உரிய இடம் கிடைக்கவில்லையே என்ற மனக்குறை மைசூர் மக்களிடையே வளர்ந்தது. அக்குறையில் நியாயம் இருந்தது. வந்து குடியேறிய மண்ணுக்கு ஒருவர் எவ்வளவு நன்மை செய்தாலும், அம்மண்ணின் மக்களுக்கு உரிய வாய்ப்பை மறந்துவிடலாகாது. இதனையும் அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

இன்று நகர, வட்டாரத் திட்டமிடல் என்பது பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. சேஷாத்ரி ஐயர் காலத்தில் அத்தகைய படிப்பு இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் துறை தொடங்கியது 1909 இல்தான். தில்லியில் நகர, ஊரகத் திட்டமிடல் பள்ளி தோன்றியது 1955 இல். ஒரு நகரத்தை மட்டும் தனியே பார்க்கக் கூடாது. அதற்கு நீரும் உணவும் ஆற்றலும் தரும் சுற்றுவட்டாரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அப்படிப்பின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. அதனை அவர் நூலில் கற்கவில்லை. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் கற்றார்.

ஹெசரகட்டா நீரும் வளரும் நகருக்குப் போதவில்லை. 1933 இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974 இல் காவிரி நீரும் துணைக்கு வந்தன. பெங்களூருவின் தாகம் இன்னும் தணியவில்லை. அடுத்த வழியை ஆராய்ந்து காணும் பொறுப்பு, இந்நகரில் வளரும் இன்றைய மாணவர்களுக்கு உரியது.

சிந்தித்து எழுதுக

1. பெங்களூருவில் நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டதற்கு அதன் நில அமைப்பு எவ்வாறு காரணமாயிற்று?
2. பழைய பேட்டைத் தெருக்களுக்கும் மல்லேஸ்வரத்தின் தெருக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை எழுதுக.
3. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.