கோழி பொரித்த கேணலும் ஏ9 வீதியும்

கேணல் என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்கு முதலில் ஒரு சீருடைதான் நினைவுக்கு வரும். எந்தப் பக்கத்துச் சீருடை என்பது அவரவர் இருந்த இடத்தைப் பொறுத்தது. வெள்ளைக் கோட்டும் குறுந்தாடியுமாகக் கோழிப் பெட்டியில் சிரிக்கிற கேணல் சாண்டர்ஸ் அந்த வகையைச் சேர்ந்தவரல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆளுநர் 1935இல் கொடுத்த கௌரவப் பட்டம் அது. அவர் உண்மையில் படையில் இருந்தது 1906, 1907இல் சில மாதங்கள்தான். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பதினாறு வயதுப் பொடியன். கியூபாவில் கழுதை வண்டி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

போருக்குப் பிறகு வாழ்வாதாரப் பயிற்சி என்று எங்களைக் கூட்டி வைத்துப் பேச வந்தவர்களில் சிலர் இந்த மனிதரின் கதையைச் சொன்னார்கள். அறுபத்தைந்து வயது வரை தோல்வி, ஆயிரத்து ஒன்பது கடைகள் கதவைச் சாத்தின, அடுத்த கடை ஏற்றுக்கொண்டது, கோடீஸ்வரரானார். ஆயிரத்து ஒன்பதை யார் எண்ணினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. பத்துக் கோழிக்குஞ்சும் ஒரு தையல் மெசினும் கிடைக்குமென்று போய் இருந்த இடம் அது. வாயைத் திறந்தால் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். இப்போது உக்குவளையில் வீட்டிலிருந்தபடியே கோழித்துண்டு பொரித்து ஓடருக்குக் கொடுக்கிறேன். தொழில் என்று வந்தபின் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். வகுப்பில் சொன்ன கதையைவிட அது எனக்குக் கிட்டவாக இருந்தது.

ஹார்லண்ட் சாண்டர்ஸ் 1890 செப்டம்பர் 9ஆம் திகதி இந்தியானா மாநிலத்தில் ஹென்றிவில் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். ஐந்து வயது நிறையுமுன் தகப்பன் இறந்துபோனார். தாய் தக்காளி ரின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக, மூத்த பிள்ளையான இவர்தான் தம்பிக்கும் தங்கைக்கும் சமைத்தார். ஏழு வயதில் பாண் சுடவும் மரக்கறி சமைக்கவும் கை பழகிவிட்டது. தாய் மறுமணம் செய்தபின் பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். பள்ளிக்கூடமும் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி போட்டார், தபால்வழி சட்டம் படித்து வழக்காடினார், ஓடத்துறை நடத்தினார், டயர் விற்றார். நீதிமன்றத்துக்குள்ளேயே தன் கட்சிக்காரருடன் கைகலந்ததில் வக்கீல் வேலை போனது. கோபக்காரர். 1930இல் கென்டக்கியின் கோர்பின் என்ற ஊரில் ஷெல் கம்பனியின் பெற்றோல் செட்டை எடுத்து நடத்தத் தொடங்கியபின், பக்கத்துப் பெற்றோல் செட்காரருடன் விளம்பரப் பலகை பற்றி வந்த சண்டை துப்பாக்கிச் சூடாகி ஓர் ஆள் செத்தே போனார். சுட்டது எதிராளி. 1932இல் இருபது வயது மகனையும் சாண்டர்ஸ் இழந்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் இதையெல்லாம் சொல்லவில்லை.

கோர்பினில் எண்ணெய் அடிக்க நிற்கும் பயணிகளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உணவு வைத்துத்தான் சாண்டர்ஸ் ஆரம்பித்தார். பிறகு சாப்பாட்டுக்கடை, பிறகு தங்குமிடம். 1939 நவம்பரில் எல்லாம் எரிந்தது. திரும்பவும் 140 பேர் இருக்கக்கூடிய உணவகமாகக் கட்டினார். அவருக்கு இருந்த தலையிடி நேரம்தான். எலும்போடு கூடிய கோழியைத் தாச்சியில் பொரிக்க அரை மணித்தியாலம் வேண்டும். வழிப்போக்கர் அவ்வளவு நேரம் இருக்கமாட்டார்கள். முதலே பொரித்து வைத்தால் காய்ந்துபோகும். அப்போதுதான் பிரஷர் குக்கர் கடைக்கு வந்தது. அதை எண்ணெய்க்கு ஏற்றபடி மாற்றி, அழுத்தத்தில் பொரித்தார். அழுத்தத்தில் இறைச்சியின் ஈரம் இலகுவில் ஆவியாகி ஓடாது; உள்ளே கெதியில் வெந்து சாறோடு இருக்கும். பத்து நிமிடத்துக்குள் கோழி தயார். 1940இல் அவருடைய பதினொரு வாசனைப்பொருள் கலவையும் முடிவாகிவிட்டது.

இதை வாசித்துவிட்டு வீட்டுக் குக்கரில் யாரும் எண்ணெயை ஊற்றி மூடிவிடாதீர்கள். வீட்டுக் குக்கர் தண்ணீருக்குச் செய்தது. கொதி எண்ணெயின் சூட்டை அதன் றப்பர் வளையம் தாங்காது. வெடித்தால் முகம் போய்விடும். எங்களுக்கு அது தேவையுமில்லை. அவர் அழுத்தத்தால் தீர்த்ததை நாங்கள் துண்டின் அளவால் தீர்க்கலாம். எலும்பில்லாத தொடை இறைச்சியைப் பெருவிரல் அளவுக்கு வெட்டினால் நான்கைந்து நிமிடத்தில் வெந்துவிடும். நெஞ்சு இறைச்சியைவிடத் தொடைதான் நல்லது, கொஞ்சம் கூட நேரம் இருந்தாலும் சக்கையாகாது.

உப்பு, மிளகு, இஞ்சி, உள்ளி, கொஞ்சம் தயிர் போட்டு இரண்டு மணித்தியாலம் ஊற வைக்கிறேன். மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு சோள மா. மாவிலும் உப்பும் மிளகும் இருக்கவேண்டும். ஊறிய தயிர்த் தண்ணீரில் இரண்டு கரண்டியை அந்த மாவில் தெளித்து விரலால் உதிர்த்தால் சிறு சிறு கட்டியாக வரும். மொறுமொறுப்பு அந்தக் கட்டிகளில்தான் இருக்கிறது. துண்டைப் போட்டு நன்றாக அமத்தி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடவேண்டும். உடனே எண்ணெயில் போட்டால் மா கழன்று அடியில் கருகும். மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் விட்டால் சுற்றிவரக் குமிழி எழும்பவேண்டும்; 170 பாகை அளவு அது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து, கடதாசியில் போடாமல் கம்பித் தட்டில் வைத்து, கொடுக்குமுன் இன்னும் சூடான எண்ணெயில் ஒரு நிமிடம் இரண்டாம் முறை போட்டெடுப்பேன். சுடச்சுடப் பெட்டியை மூடினால் ஆவியே எல்லாவற்றையும் நமத்துப்போகச் செய்துவிடும். பெட்டியில் துளை போடுங்கள்.

மறுபடி கோர்பினுக்கு வருகிறேன். சாண்டர்ஸின் கடை ஓடியது கோழியால் மட்டுமில்லை, வீதியால். வடக்கிலிருந்து தெற்கே புளோரிடாவுக்குப் போகிற வாகனங்கள் அவர் வாசலால் போயின. 1950களில் புதிய பெருவீதி ஒன்று ஊரைத் தொடாமல் போகும் என்று தெரியவந்தது. 1956இல் இடத்தை ஏலத்தில் 75,000 டொலருக்கு விட்டார். கடனுக்கும் வரிக்கும் அது போய்விட்டது. மிஞ்சியது மாதம் 105 டொலர் முதியோர் கொடுப்பனவு.

இந்த இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். 1977 கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2002இல் ஏ9 திறந்தபோது முறிகண்டிக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை போட்டோம். யாழ்ப்பாணம் போகிற பஸ் எல்லாம் நிற்கும். வடையும் ரோல்ஸும் பொரித்து முடியாது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. கடை அப்படியே இருந்தது, கண்ணாடி அலுமாரி இருந்தது, அடுப்பு இருந்தது, பஸ் இல்லை. 2009இல் கடையும் இல்லை. முகாமிலிருந்து வெளியே விட்டபின் அக்கா இருக்கிற இந்த ஊருக்கு வந்தேன். அதே ஏ9தான் மாத்தளை நகரத்தின் ஊடாகவும் போகிறது. உக்குவளை அதிலிருந்து விலகி, ரயில் பாதையோரம் இருக்கிறது. இங்கே நான் வீதியை நம்பவில்லை, ஃபோனை நம்புகிறேன்.

சாண்டர்ஸும் அப்படித்தான் செய்தார். வாடிக்கையாளர் வாசலுக்கு வராவிட்டால் தானே போவது. 1952இலேயே யூட்டாவின் சோல்ட் லேக் நகரில் பீற் ஹார்மன் என்ற உணவகக்காரர் அவருடைய கோழியை விற்கத் தொடங்கி, வியாபாரம் பலமடங்காகியிருந்தது. ஆகவே 1956இல் அவர் வெறுங்கையோடு கதவு தட்டவில்லை. நிரூபித்த சரக்கோடு போனார். காரின் பின் இருக்கையில் படுத்து, கடை கடையாக நின்று பொரித்துக் காட்டி, பிடித்தால் ஒரு கோழிக்குச் சில சதம் என்று பேசினார். ஊர் ஊராகப் போனது அவர். வாசனைப்பொருளைக் கலந்து, பொதி கட்டி, அனுப்பியது இரண்டாவது மனைவி கிளோடியா. படத்தில் அவர் முகம் இல்லை.

அந்தக் கலவை இன்றைக்கும் இரகசியம் என்கிறார்கள். 1983இல் ஓர் எழுத்தாளர் மாவை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பார்த்ததில் மா, உப்பு, மிளகு, அஜினமோட்டோ ஆகிய நான்குதான் அகப்பட்டனவாம். எனக்கு அது ஆச்சரியமில்லை. உக்குவளையில் வேலிக் கிளிசிறிடியா மரத்தில் எல்லாம் மிளகுக்கொடி ஏறுகிறது. நன்றாகக் காய்ந்த மிளகை அன்றன்றே இடித்தால் மற்றப் பத்தும் எதற்கு?

1964இல் அறுநூறுக்கு மேல் கடைகள் அவருடைய கோழியை விற்றன. எழுபத்து மூன்று வயதில் கம்பனியை இரண்டு மில்லியன் டொலருக்குக் கொடுத்தார். முகமும் பெயரும் அதோடு போயின. பிறகு சொந்தக் கடைகளுக்குள் போய், குழம்பு கெட்டுப்போனது என்று திட்டுவதே வேலையாயிற்று. ஒரு கிளை அவர்மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றது. 1980 டிசம்பர் 16ஆம் திகதி, தொண்ணூறு வயதில் இறந்தார். அந்த வெள்ளை உடையோடேயே லூயிவில்லில் அடக்கம் செய்தார்கள்.

கம்பனியை விற்றபின் கென்டக்கியின் ஷெல்பிவில்லில் கணவனும் மனைவியுமாக ஓர் உணவகம் திறந்திருந்தார்கள். கேணல் என்ற சொல்லைப் பலகையில் எழுதக் கம்பனி விடவில்லை. அதனால் கிளோடியா சாண்டர்ஸ் சாப்பாட்டு வீடு என்று அவருடைய பெயரை எழுதினார்கள். கணவன் போன பிறகும் அந்தப் பெயரில் கோழி பொரித்தார்கள்.