கில்பர்ட் ஒயிட்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் என்னும் நிலப்பகுதியில், செல்போர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1720ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் பிறந்தார். அவர்தம் பாட்டனார் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக விளங்கியவர். ஆக்ஸ்போர்டில் பயின்று தாமும் சமயத் தொண்டில் புகுந்த ஒயிட், பிறந்த மண்ணைப் பிரிய மனமின்றி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் செல்போர்னிலேயே கழித்தார். சமயப்பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் காடும் கழனியும் தோட்டமுமே அவருக்கு உறைவிடமாயின.

அக்காலத்து அறிஞர் பலர் உயிரிழந்த பறவைகளின் உடலையும் பழைய நூல்களையும் கொண்டே இயற்கையை ஆராய்ந்தனர். ஒயிட்டோ உயிருள்ளவற்றை, அவை வாழும் இடத்திலேயே, நாள்தோறும் கண்டறிய விழைந்தார். 1768ஆம் ஆண்டுமுதல், பாரிங்டன் என்னும் நண்பர் வகுத்தளித்த கட்டமிட்ட குறிப்பேட்டில், அன்றன்று வீசிய காற்று, பெய்த மழை, தளிர்த்த மரம், மலர்ந்த பூ, வந்த பறவை ஆகியவற்றைப் பதிந்துவந்தார். இப்பணி 25 ஆண்டுகள் நிகழ்ந்தது.

அதன் பயன் சிறிதன்று. இலைகளினூடே திரியும் சிறு குருவிகளில், பார்வைக்கு ஒன்றேபோல் தோன்றியவை உண்மையில் மூன்று வேறு இனங்கள் என்பதை அவற்றின் குரல் வேற்றுமையால் அவர் தெளிந்தார். கதிர்த்தாள்களினிடையே உருண்டைக் கூடு கட்டி வாழும் சின்னஞ்சிறு எலியை அந்நாட்டில் முதன்முதலாக விளக்கியவரும் அவரே. அவ்வெலிகள் இரண்டைத் தராசிலிட்டபோது, ஓர் அரைப்பென்னிச் செப்புக்காசின் எடையே இருந்ததாம்! உழவர் வெறுத்த மண்புழு, நிலத்தைத் துளைத்து வளமாக்கும் நண்பன் என்றும் அவர் எழுதினார். பின்னாளில், 1881இல், டார்வின் அப்புழுவைப் பற்றித் தனிநூலே இயற்றினார்.

அத்தையார் வளர்த்த ஆமையொன்று 1780இல் அவரிடம் வந்து சேர்ந்தது. திமோதி என்பது அதன் பெயர். அதற்குக் காது கேட்குமா என அறிய, ஊதுகுழல் போன்ற கருவியை வாயில் வைத்து உரக்கக் கூவிப் பார்த்தார். ஆமை அசைந்துகொடுக்கவில்லை. ஆணென்று எல்லாரும் எண்ணியிருந்த திமோதி பெண் என்பதைப் பிற்காலத்தாரே அதன் ஓட்டைக் கண்டு அறிந்தனர்.

தாம் கண்டவற்றைப் பெனன்ட், பாரிங்டன் என்னும் இருவர்க்கும் அவர் மடல்களாக வரைந்தார். அம்மடல்கள் 1789இல் நூலாயின. அந்நூல் இன்றளவும் அச்சிடப்பட்டு வருகின்றது.

எனினும், ஒரு வினா அவரை இறுதிவரை அலைக்கழித்தது. கோடையில் வீட்டுக் கூரைகளில் கூடுகட்டும் தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன? குளத்துச் சேற்றில் உறங்குகின்றன என்பார் பலர். ஜிப்ரால்ட்டரில் வாழ்ந்த ஒயிட்டின் தம்பியார், அவை கடலைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதினார். ஆயினும், பருவம் தவறி ஒன்றிரண்டு குருவிகள் செல்போர்னில் தென்படுவதைக் கண்ட ஒயிட், சில அங்கேயே பதுங்கியிருக்கலாம் என ஐயுற்றார். ஆட்களை ஏவிப் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார். உறங்கும் குருவி ஒன்றேனும் அகப்படவில்லை. காணாததைக் கண்டதாக எழுத அவர் மனம் ஒருப்படவில்லை. ஆதலின் அவ்வையம் ஐயமாகவே நின்றது. 1793ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குச் சில நாள் முன்புவரை குறிப்பேட்டில் எழுதிவந்தார்.

அவ்வினாவிற்கு விடை பகரத் துணைநின்றவரும் பறவை பார்த்தலைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவரே. ஸ்டாபோர்ட்ஷயரில் வாழ்ந்த மேஸ்பீல்டு என்னும் வழக்கறிஞர், 1911ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் வீட்டில் தங்கிய தகைவிலான் ஒன்றன் காலில் இலண்டன் முகவரி பொறித்த சிறு வளையத்தைப் பூட்டிப் பறக்கவிட்டார். 1912ஆம் ஆண்டு டிசம்பரில், ஏறத்தாழ ஆறாயிரம் மைலுக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள பண்ணை வீடொன்றில் அக்குருவி பிடிபட்டது. வளையத்திலிருந்த முகவரிக்கு அங்கிருந்து மடல் வந்தது.