சல்ஃபா மருந்தின் ரகசியமும் சென்னையில் படித்த சுப்பாராவும்

புதுக்கோட்டை பக்கம் ஆடு, மாடு வளர்க்கிறவர்களுக்கு ‘அடைப்பான்’ என்ற பெயர் புதுசு இல்லை. ஆந்த்ராக்ஸ்தான் அது. மனுஷனுக்கும் தொற்றும். பென்சிலின் புழக்கத்துக்கு வரும் முன், இதற்குக் கொடுத்துப் பார்த்த மருந்துகளில் ஒன்று சல்ஃபா. ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக் 1935-ல் அறிவித்த புரோன்டோசில்தான் அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

சல்ஃபா கிருமியை எப்படி மடக்குகிறது? அந்த விடை முழுசாகப் புரிந்ததில் எல்லப்பிரகட சுப்பாராவுக்குப் பங்கு உண்டு.

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி சொன்னதைக் கேட்டுக் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ்.ஸோடு சரி. உடன்பிறந்தவர்கள் இருவரை, சில நாள் இடைவெளியில், ‘ஸ்ப்ரூ’ கொண்டுபோனது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் குடல் நோய் அது. அவருக்கும் வந்தது, பிழைத்துக்கொண்டார்.

1920-களில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, உடம்பின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைத் தசையில் கண்டுபிடித்தார். அப்படியும் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து கம்பெனிக்கு மாறினார்.

1945-ல் அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் ஒரு துண்டு ‘பாபா’ (ரஜினி படம் இல்லை, ஒரு வேதிப்பொருள்). பல கிருமிகள் ஃபோலிக் அமிலத்தைத் தாங்களே சமைத்துக்கொள்ளும். பாபா வேஷம் போட்டு சல்ஃபா உள்ளே நுழைந்தால் சமையல் நின்றுபோகும். நமக்கு அது சாப்பாட்டிலிருந்தே கிடைப்பதால் தப்பிக்கிறோம்.

அதே ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளிகளையும் தேற்றியது. சகோதரர்கள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினையும் லெடர்லே தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் குணம் தெரிந்ததை 1948-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அதன் நெருங்கிய உறவு மெத்தோட்ரெக்சேட், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஆரியோமைசினும் வெளிவந்தது. பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்தது, ஆராய்ச்சித் தலைமை சுப்பாராவ். இப்போது ஆந்த்ராக்ஸுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அந்த வழியில் வந்ததுதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை கடைசிவரை வாங்கவில்லை.