வக்கம் அப்துல் காதர்

வக்கம் அப்துல் காதர் (மே 25, 1917 - செப்டம்பர் 10, 1943) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்ததற்காகச் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். அப்போது அவருக்கு வயது 26. அதே ஊரைச் சேர்ந்த இதழாளரும் சீர்திருத்தவாதியுமான வக்கம் மௌலவியின் இயற்பெயரும் அப்துல் காதர் என்பதே. மௌலவி 1932இல் காலமானவர், இவர் வேறு.

வாழ்க்கை

காதர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள வக்கம் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். 1938இல் வேலை தேடி மலாயா சென்று, அங்கு பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். பிப்ரவரி 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வாழ்ந்த மலாயாவில் இந்திய விடுதலைக் கழகம் வேகமாகப் பரவியது. அதில் இணைந்த காதர், கழகத் தலைவர்களுள் ஒருவரான என். ராகவன் பினாங்கில் நிறுவிய சுவராஜ் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார்.

தானூர்க் கரையில்

இந்தியாவுக்குள் ஊடுருவிச் செய்தி திரட்டுவதற்காக அந்நிலைய மாணவர் சிலரை ஜப்பானியர் இரகசியமாக அனுப்பினர். இதற்கு ராகவனின் ஒப்புதல் பெறப்படவில்லை. பின்னர் அவர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். காதர் உள்ளிட்ட குழுவினர் செப்டம்பர் 1942 இறுதியில் நீர்மூழ்கிக் கப்பல் மூலம் மலபார்க் கடற்கரையில் தானூர் அருகே இறக்கிவிடப்பட்டனர்.

காலம் அவர்களுக்கு உகந்ததாக இல்லை. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒட்டி, காங்கிரசுத் தலைவர்கள் ஆகஸ்ட் முதலே சிறையில் இருந்தனர். ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசியிருந்ததால் கரையோரமெங்கும் அச்சம் நிலவியது. குழுவினர் விரைவிலேயே பிடிபட்டனர். தாயகம் திரும்பியதாகக் கருதிய அந்த இளைஞர்களை அரசு பகைநாட்டு ஒற்றர்களாகவே நடத்தியது.

தூக்குத் தண்டனை

சென்னையில் நடந்த இரகசிய விசாரணையின் முடிவில் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் போனிபேஸ் பெரேரா மேல்முறையீட்டில் உயிர் தப்பினார். காதர், அனந்தன் நாயர், வங்காளத்தின் சத்தியேந்திர சந்திர பர்தன், பஞ்சாபின் பௌஜா சிங் ஆகிய நால்வரும் செப்டம்பர் 10, 1943 அன்று தூக்கிலிடப்பட்டனர். அது ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு தந்தைக்கு எழுதிய கடிதத்தில் காதர், தம் சாவு நெருங்கிவிட்டதைத் தெரிவித்து, மனம் தளராதிருக்கும்படி குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டார். ஓர் இந்துவையும் ஒரு முஸ்லிமையும் சேர்த்துத் தூக்கிலிட வேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பமாக இருந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

நேதாஜியின் தலைமையில் போரிட்டவராகக் காதரைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பொறுப்பேற்றது ஜூலை 1943இல்தான். அப்போது காதர் சென்னைச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தார்.

நினைவு

இந்திய அஞ்சல் துறை 1998இல் இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டு, பழைய கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது.