பாகவதரும் ஒரு பாடலும்

ஒரு மனிதனின் வாழ்வை அவன் பாடிய ஒரே பாட்டைக் கொண்டு அளந்துவிடலாமா? கூடாது என்றே சொல்லுவேன். ஆயினும், எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவர் நடித்த 14 படங்களையும் ஒதுக்கி, 'ஹரிதாஸ்' படத்து 'மன்மத லீலை' என்னும் பாட்டுக்கே நம்மவர் வந்து சேருகின்றனர். அண்மையில் வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலே மாணவர் சிலரோடு உரையாடியபோதும் அதுவே நிகழ்ந்தது. பாட்டை அறிந்திருந்தார்கள், அவர் சிறை சென்றதையும் அறிந்திருந்தார்கள். குற்றமற்றவர் என்று விடுதலையானதை மட்டும் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடியொன்றிலே பிறந்தவர் பாகவதர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாட்டுப் பித்தினால் சிறுவன் வீட்டைவிட்டு ஓடிப்போக, தகப்பனார் கடப்பையிலே மக்கள் கூட்டத்தின் நடுவில் பாடிக்கொண்டிருக்கும் நிலையில் அவனைக் கண்டுபிடித்தார். அப்பால், திருச்சி ரசிக ரஞ்சனி சபையை நடத்திய எப். ஜி. நடேச ஐயர் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையான சங்கீதப் பயிற்சி கிடைத்தது. 1934இல் 'பவளக்கொடி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 1937இல் 'சிந்தாமணி' அவரைத் தமிழ் மக்களின் கண்மணியாக்கியது. அப்படத்தின் வருவாயைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு கொட்டகையே எழும்பியது என்றால் வேறு சான்று எதற்கு?

'ஹரிதாஸ்' வெளிவந்தது 1944 தீபாவளிக்கு. யுத்த காலமாதலால் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்போகலாகாது என்று அரசாங்கம் விதித்திருந்தது. 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாட்டுக்கள் இருந்தன என்பர். அந்தத் தாராளம் இப்போது செல்லாது. ஒவ்வொரு பாட்டும் தனக்குரிய இடத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் விளைந்த நன்மையே 'மன்மத லீலை' என்பது என் துணிபு. பாட்டை இயற்றியவர் பாபநாசம் சிவன். இசைப் பணியில் ஜி. ராமநாதனும் உடனிருந்தார். தேர்ந்துகொண்ட இராகமோ சாருகேசி. தியாகையர் அதிற் கீர்த்தனை செய்திருப்பினும் அக்காலக் கச்சேரிகளில் அஃது அரிய இராகமாகவே இருந்தது. அதன் முற்பாதி சங்கராபரணம், பிற்பாதி தோடி. கீழே மலர்ந்து சிரிக்கும். மேலே சென்றதும் ஏங்கும். காமத்தின் கேலியையும் கலக்கத்தையும் ஒரே மூச்சிற் பாட இதனினும் பொருத்தமான இராகம் கிடைத்திராது. டி. ஆர். ராஜகுமாரி ஆட, பாகவதர் பாட, இராகத்தின் பெயரறியாத பாமரனும் சாருகேசியை முணுமுணுத்தான்.

படம் வெளிவந்து மூன்று வாரங்கள்தாம் கழிந்திருக்கும். நவம்பர் 8ஆந் தேதி, நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியிற் குத்தப்பட்டு, மறுநாள் மாண்டார். டிசம்பரில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகளின் முடிவின்படி இருவருக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடும் பயன்தரவில்லை. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில், அம்மேன்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக வெளியே வந்தனர்.

இவ்வளவு காலமும் அந்தப் பாட்டு என்ன செய்தது? சென்னைப் பிராட்வே கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது 'ஹரிதாஸ்'. பாடியவர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னே. பாட்டு மாலைதோறும் மக்கள் முன்னே. அவருக்கென்று எண்ணிய படங்கள் கைமாறின. 'ஸ்ரீ முருக'னில் ஹொன்னப்ப பாகவதரும், 'உதயண'னில் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்தனர். ஏறக்குறைய இதே ஆண்டுகளிற்றான் பாரிஸ் நகரில் எடித் பியாப் என்னும் பாடகி 'லா வி ஆன் ரோஸ்' என்ற பாட்டை எழுதிப் பாடி உலகப் புகழ் எய்தினாள். அப்பாட்டு அவளைத் தோளிலேற்றிச் சென்றது. நம்முடைய பாட்டோ தன் பாடகரை வழியில் விட்டுவிட்டுத் தனியே நடந்தது.

இதற்கு இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. படத்தில் ஹரிதாஸ் இன்பத்தில் மயங்கிப் பெற்றோரை மறந்து, கால்களை இழந்து, பின் மனந்திரும்புகிறான். இக்கதையையே பாகவதரின் வாழ்வுக்கும் சூட்டி, செய்ததற்கு அனுபவித்தார் என்று பேசும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. கதாபாத்திரத்தின் பாவத்தை நடிகன் தலையிற் சுமத்துவது என்ன நியாயம்? நீதிமன்றம் விடுவித்த ஒருவரை வாய்ப்பேச்சு விடுவிக்க மறுக்கிறது.

சிறை அவருடைய குரலைக் கெடுத்துவிட்டதென்பாரும் உளர். நான் உடன்படேன். மாறியது காலம். 1948இல் அவர் எடுத்த 'ராஜ முக்தி' தோற்றது. அதற்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்ற புதுமைப்பித்தன் அங்கே காச நோய் முற்றி, அவ்வாண்டே மறைந்தார் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர். 1952இல் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. அதே ஆண்டுத் தீபாவளிக்குத்தான் 'பராசக்தி'யும் வந்தது. பாட்டுக்குக் காது கொடுத்த கூட்டம் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியது. பாடத் தெரியாத நடிகருக்குப் பின்னணிப் பாடகர் கிடைத்துவிட்டார். கலைவாணர் நகைச்சுவையினால் மீண்டும் நிமிர்ந்தார். பாகவதருக்கு அவ்வழி இல்லை.

அதே 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணிக்க, கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழகம் நாடியது. என் தலைமுறையினர் அவரைச் சந்தித்ததும் அந்த வானொலிப் பெட்டியிலேதான். அவருடைய வழக்கை அறியுமுன்னரே குரலை அறிந்த பேறு எங்களுக்கு வாய்த்தது.

நீரிழிவு நோய் அவரது பார்வையையும் பறித்தது. 1959 நவம்பர் 1ஆந் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர் நடித்த கடைசிப் படமான 'சிவகாமி' மறு ஆண்டிலேதான் திரைக்கு வந்தது.